போன பயம் ஏன் திரும்பி வருகிறது?

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார்கள். நாயிடம் கடிபட்ட குழந்தை எல்லா நாய்களுக்கும் அஞ்சுவது இப்படித்தான். மூளையில் அமிக்டலா என்ற பகுதி, 'நாய் என்றால் ஆபத்து' என்று பதிந்துகொள்கிறது.

இந்தப் பயத்தைப் போக்க முடியுமா? முடியும். அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இந்த ஆய்வு 1924-இல் வெளியானது.

ஆனால் பழைய பயம் பெரும்பாலும் அழிவதில்லை. 'இதனால் ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதன்மேல் சேர்கிறது. அப்போது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. இந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மருத்துவர் அறையில் போன பயம் தெருவில் திரும்புகிறது. நாள்பட்டாலும், இன்னொரு அதிர்ச்சி நேர்ந்தாலும் திரும்பலாம்.

எப்படித் தடுப்பது? பல இடங்களில், பலவகை நாய்களோடு, இடைவெளி விட்டு விட்டுப் பழக வேண்டும். விலகி ஓடினால் மூளை புதிய பாடத்தைக் கற்க வழியில்லை. பயம் திரும்பினால் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். மறுபடி பழகினால் முன்னைவிட விரைவில் அடங்கும்.