கூடத்து மேசையில் ஒரு காஞ்சிபுரம் இரயில்



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இரயில் பொம்மைக்கு எப்போதும் ஓர் இடமுண்டு. வாங்கி வந்த அன்று வீடே அதைச் சுற்றி அமர்ந்திருக்கும். வட்டப் பாதையில் நூறு முறை அது சுற்றும். நூற்றோராவது முறை எவரும் திரும்பிப் பாரார். பத்தே நாட்களில் பரணுக்குப் போய்விடும். குற்றம் பிள்ளையுடையதன்று. அந்த இரயில் எந்த ஊரிலிருந்தும் புறப்படவில்லை. எந்த ஊருக்கும் போய்ச் சேரவுமில்லை.

மாதிரி இரயில் அமைக்கும் கலை இதனின்றும் வேறானது. உண்மையான ஓர் இருப்புப்பாதையை, அதன் நிலையம், மரம், கைகாட்டிக் கம்பம் உட்பட, ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது அது. உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படும் விகிதம் 87-இல் ஒன்று, இதனை எச்.ஓ. என்பர். இடம் குறைந்தவர்கள் 160-இல் ஒன்றான 'என்' அளவைக் கொள்வர். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018 வரை செய்யப்பட்ட பழைய வகைப் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுடையது. எச்.ஓ. அளவில் அது 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 'என்' அளவில் 13 சென்டிமீட்டர். பெட்டியைச் சுருக்கிவிட்டுச் சன்னல் கம்பியைத் தடிமனாக விட்டால் அது மீண்டும் பொம்மையாகிவிடும்.

காஞ்சிபுரத்து வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சேலையின் புட்டாவையும் கரையையும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளையிடும் ஊர் அது. ஒரு கட்டம் பிசகினால் மாங்காய் கோணலாகும் என்பதை அறிந்த கண்ணுக்கு இக்கலை அந்நியமன்று.

அதனினும் பெரிய பொருத்தம் ஒன்றுண்டு. 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு இரயில் விட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மில்லிமீட்டர். பெரும் பாதைகளெல்லாம் 5 அடி 6 அங்குலத்தில் அமைந்து வந்த காலத்தில், செலவு குறைந்த கிளைப்பாதையாக இது போடப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் தென்னிந்திய இரயில்வேயில் கலந்தது. பாதையும் மீட்டர் பாதையாயிற்று. நம் பாட்டனார்கள் செங்கற்பட்டுக்கும் அரக்கோணத்திற்கும் பயணம் செய்தது அதில்தான். பிறகு அதுவும் பெயர்க்கப்பட்டு, இன்று இருப்பது 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒரே தடத்தில் மூன்று அகலங்கள்! காஞ்சி கைவிட்ட அந்த 1067 அகலத்தில்தான் ஜப்பான் 1872-இல் தன் முதல் பாதையை அமைத்தது. அந்நாட்டின் சாதாரண இரயில்களில் பெரும்பாலானவை இன்றும் அதன் மீதே ஓடுகின்றன.

ஆகவே காஞ்சிபுரத்தை மேசை மேல் அமைக்க விரும்புபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆண்டை. ஆண்டு மாறினால் அகலம் மாறும், எஞ்சின் மாறும், பெட்டியின் நிறமும் மாறும். சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். 87-இல் ஒன்றாகச் சுருக்கினால் மீட்டர் பாதை 11.5 மில்லிமீட்டர், 1865-இன் பாதை 12.3. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இரண்டுக்குமே பொருந்தும். அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் காணாது. இன்றைய அகலப்பாதைக்கோ 19.3 மில்லிமீட்டர் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைப்பதோ மேலை நாட்டு அளவான 16.5. இந்திய மாதிரியாளர்களின் நெடுநாள் மனக்குறை இது. பலர் கண்டும் காணாமல் 16.5 தண்டவாளத்தையே பயன்படுத்துகின்றனர்.

என்னைக் கேட்டால் மீட்டர் பாதைக் காலமே இல்லங்களுக்கு ஏற்றது என்பேன். இன்றைய 24 பெட்டித் தொடர் எச்.ஓ. அளவிலும் ஆறு மீட்டர் நீளும். எந்தக் கூடம் தாங்கும்? நான்கைந்து பெட்டிகளை இழுத்து வரும் கிளைப்பாதை வண்டி ஒரு பலகைக்குள் அடங்கும். தூரத்தை மட்டும் அப்படியே சுருக்க முயலாதீர்கள். காஞ்சியிலிருந்து அரக்கோணம் வரை அளவு பிசகாமல் அமைத்தால் மேசை 300 மீட்டருக்கு மேல் போகும்! நிலையமும் அதன் இரு முனைகளும் போதும்.

எஞ்சினுக்கு ஒய்.பி., ஒய்.ஜி. வகை நீராவி எஞ்சின்கள் உள்ளன. ஒய் என்னும் எழுத்து மீட்டர் பாதையைக் குறிப்பது, அகலப்பாதைக்கு டபிள்யூ. மீட்டர் பாதையை நேரில் காண விரும்புவோர் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை இரயிலைப் பார்க்கலாம். சென்னை பெரம்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்திலும் பழைய வண்டிகள் நிற்கின்றன.

வண்ணம் தீட்டுவதில்தான் பொம்மையும் மாதிரியும் பிரிகின்றன. முதற்பூச்சு காய்ந்தபின், நீர்த்த வண்ணத்தை மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளாகக் கொடுக்க வேண்டும். ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் ஆணித் தலைகளும் கதவு விளிம்புகளும் வண்ணத்துக்குள் மூழ்கிவிடும். உண்மைப் பெட்டியின் நிறத்தை அப்படியே பூசினால் சிறிய உருவில் அது கருத்துத் தோன்றும். சிறிது வெள்ளை கலந்து கொள்ளுங்கள். தண்டவாளத்தின் பக்கங்கள் துருவின் பழுப்பு. சக்கரம் உராயும் மேற்பரப்பு மட்டும் பளபளப்பு. நீராவி எஞ்சினின் கருப்பும் முழுக்கருப்பன்று. சாம்பலும் எண்ணெயும் படிந்தது. ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தடவினால் அந்தப் பழமை வந்துவிடும். பாதைக்குச் சரளை வேண்டுமெனில் மணலைச் சலித்துப் பரப்பி, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் ஒரு துளி சோப்புத் திரவம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மணலைத் தள்ளிவிடும். பூவேலை பழகிய பெண்மக்களின் விரல்களுக்கு இது கைவந்த வேலை.

செலவு? ஓடும் எஞ்சின் வெளிநாட்டுச் சரக்கானால் பல ஆயிரங்கள் ஆகும், மறைப்பதற்கில்லை. ஆனால் நிலையமும் பெட்டிகளும் அட்டையிலேயே செய்யத்தக்கவை. எஞ்சினை ஓராண்டு கழித்து வாங்கினாலும் குறைவில்லை. அது ஓடுவது 12 வோல்ட் மின்சாரத்தில். சுவரில் செருகும் பகுதியை மட்டும் பெரியவர்கள் கவனித்துக் கொள்ளட்டும்.

மனித உருவங்களை வைக்கத் தயங்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அதனால் காட்சி வெறுமையாகுமோ என்ற கவலை வேண்டாம். அதிகாலை, ஆளற்ற நடைமேடை; பெஞ்சின் மேல் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, துணியில் பொதிந்த பட்டுப் பாவு. ஆள் வரப்போவதைப் பொருள்களே சொல்லிவிடும்.

ஒரு தனி மனிதரின் ஆர்வம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் புனே நகரம் சான்று. அங்கே பாவு ஜோஷி என்பவரின் பொழுதுபோக்கு வளர்ந்து, 1998-இல் சிற்றுரு இரயில் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹம்பர்க்கில் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கிய மாதிரி உலகம் இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது. அவ்வளவு பெரிதாக நாம் எண்ண வேண்டியதில்லை. நம் முன் இருக்கும் அவசரம் வேறு. மீட்டர் பாதைக் காலத்துக் காஞ்சி நிலையத்தில் தண்ணீர்த் தொட்டி எப்பக்கம் நின்றது, தேநீர்க் கடைக்கு என்ன நிறம், பட்டு மூட்டைகள் எந்தப் பெட்டியில் ஏறின என்பவற்றை நேரில் கண்டவர்கள் முதுமை எய்தி வருகின்றனர். ஒலிமுகமதுபேட்டையிலோ பிள்ளையார்பாளையத்திலோ உங்கள் உறவினரில் ஒருவர் இருப்பார். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பேரப்பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். அவர் சொல்லச் சொல்ல அவன் படம் வரையட்டும்.

பலகையில் எல்லாம் ஒட்டி முடிந்தபின் அவரை அழைத்து வந்து காட்டுங்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். "வேப்பமரம் இந்தப் பக்கமில்லையேப்பா, அந்தப் பக்கமல்லவா இருந்தது" என்பார். மரத்தைப் பிடுங்கி மறுபுறம் நட இடுக்கியைத் தயாராக வைத்திருங்கள்.