மூங்கில் தட்டியும் கொழும்பு வெயிலும்

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் கிடக்கும் கொழும்பு நகரத்திலே, சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னரும் செப்ரெம்பர் மாதத் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பான். மார்கழியிற்கூட உச்சியிலிருந்து 30 பாகையளவே சாய்வான். ஆகவே நண்பகல் வெயிலைத் தடுப்பதற்கு ஓட்டுக்கூரையின் இறவாரமே போதும். யன்னலுக்குப் பகை காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கிரணங்களே. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து புகையிரதப் பாதையையும் கடலையும் நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மேற்கு முகமாக வீடு வாய்க்கப்பெற்றோர், காற்று வேண்டுமென்று யன்னலைத் திறந்தால் வெயிலும் கூடவே நுழைகிறது. வெயில் வேண்டாமென்று சாத்தினால் காற்றும் நின்றுபோகிறது. இவ்விரண்டில் ஒன்றை அனுமதித்து மற்றதை மறுக்கும் உபகரணம் விறாந்தைகளிலே தொங்கும் மூங்கில் தட்டி. யாழ்ப்பாணத்து வளவுகளில் ஓலைத்தட்டியும் கிடுகும் செய்துவந்த வேலையை, சற்று நாகரிகமான உருவில், அது இங்கே செய்கிறது.

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. மரத்தைப்போல ஆண்டுதோறும் பருத்துக்கொண்டுபோகும் இயல்பு அதற்கில்லை. நிலத்தைப் பிளந்து முளை வெளிவரும்போது எவ்வளவு பருமனோ, அதற்குமேல் அது பருப்பதில்லை. பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் நிற்கும் இராட்சத மூங்கில்களை அண்ணாந்து பார்த்தவர்கள் இதனை நம்பச் சற்றுத் தயங்கக்கூடும். இதற்கு நேர் மாறாக, இத்தீவின் ஈரவலயத் தாழ்நிலங்களில் மட்டுமே இயற்கையாக வளர்வதும், பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் சாஸ்திர முறைப்படி விவரித்ததுமான ஒக்லாண்ட்ரா ஸ்டிரிடுலா என்னும் நாணல்மூங்கில் விரற்பருமனைத் தாண்டாது. கூடை முடைவோருக்கு வேண்டியது அதுவே. பெரியதோ சிறியதோ, மூங்கிலின் நார்கள் கணுவுக்குக் கணு நீளவாக்கிலே ஓடுகின்றன. மரத்திலே அவற்றைக் குறுக்காகப் பிணைக்கும் கதிரிழையங்கள் இதில் இல்லாமையால், கத்தியை நுனியில் வைத்துத் தட்டியதும் பிளவு நேராகக் கீழிறங்குகிறது. நார்கள் வெளித்தோலையடுத்து மிக நெருங்கியும் உட்புறத்தில் ஐதாகவும் அமைந்திருப்பதால், தோலோடு கூடிய சிம்பு நெடுங்காலம் உழைக்க, உட்சதையிலிருந்து சீவிய சிம்பு விரைவில் நைந்துவிடுகிறது.

அந்த உட்சதையிலே மாச்சத்து மிகுதி. அதைத் தேடி வருகின்ற டைனோடெரஸ் என்னும் சிறு வண்டு துளைத்த தட்டியின் கீழே, காலையில் மெல்லிய மாவு உதிர்ந்து கிடக்கக் காணலாம். வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் அமிழ்த்தி வைத்தால் மாச்சத்தின் பெரும்பகுதி அகன்றுபோக, வண்டின் நாட்டமும் குறைகிறது. வெண்காரமும் போரிக்கமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது தற்காலத்து வழக்கம். இவ்வாறு பதப்படுத்திய சிம்புகளைக் குறுக்காக அடுக்கி, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னுமாக இரண்டு நூல்களால் மாற்றி மாற்றி முறுக்கிக் கட்டிக்கொண்டு போவதே தட்டி நெசவு.

இனி, அதை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு வருவோம். தட்டி வாங்குவோர் பலர் நிறத்தையும் கரைத்துணியையும் பற்றிக் காட்டும் அக்கறையில் காற்பங்கையேனும் இதிலே காட்டுவதில்லை. சூரிய ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவும். அறைக்குள் தொங்கும் தட்டியிலே விழுந்து அதனைச் சூடாக்கியபின், அவ்வெப்பம் நீண்ட அலைகளாக வெளிப்படும். அந்த நீண்ட அலைகளைக் கண்ணாடி ஊடுருவ விடாமையால் வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். தட்டி கண்ணாடிக்கு வெளியே தொங்கினாலோ, சூடேறுவது தட்டி மாத்திரமே. அதன் உஷ்ணத்தைக் கடற்காற்று வெளியிலேயே வாரிக்கொண்டு போய்விடும். ஆதலின், மாடிக் குடியிருப்புக்களில் கண்ணாடி யன்னலை இறுகச் சாத்தி, உட்புறத்தில் அழகிய தட்டியொன்றைத் தொங்கவிட்டு, குளிரூட்டியையும் ஓட்டிக்கொண்டிருப்போர் தட்டியின் அலங்காரத்தைப் பெற்று, அதன் பயனிற் பெரும்பகுதியை இழந்தவர்கள் என்றே சொல்வேன்.

கொட்டாஞ்சேனையிலே பிரச்சினை வேறு. நெருக்கமான வீதிகளில், யன்னலுக்கும் நடைபாதைக்குமிடையே கையெட்டுந் தூரங்கூட இல்லாத பழைய வீடுகளில், வெயிலினும் வழிப்போக்கர் பார்வையே பெருந்தொல்லை. பகலிலே தட்டியின் வெளிமுகம் வெயில்பட்டு ஒளிர்வதால், மங்கலான அறையிலிருந்து சிம்பிடைவெளி வழியே கசியும் சொற்ப ஒளி வெளியே நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. உள்ளே இருப்பவரோ வீதி முழுவதையும் பார்க்கலாம். இரவில் விளக்கேற்றியதும் இந்தச் சலுகை வீதியில் நிற்பவருக்குக் கைமாறிவிடுகிறது. அந்தியிலே துணித்திரையையும் இழுத்துவிடும் பழக்கம் இதனால் வந்தது.

தட்டியைச் சுருட்டும் கயிறு சிறு யந்திர சாஸ்திரப் பாடம். கயிற்றின் ஒரு முனையை மேற்சட்டத்தில் கட்டி, தட்டியின் பின்புறமாக இறக்கி, அடியைச் சுற்றி முன்புறமாக ஏற்றி, மேலேயுள்ள கப்பியினூடாகக் கையில் கொடுத்திருப்பார்கள். சுருளும் தட்டி கயிற்று மடிப்பிலே கிடப்பதால் அதுவே அசையும் கப்பியாகிறது. உராய்வை நீக்கிப் பார்த்தால், 6 கிலோ பாரமுள்ள தட்டியை உயர்த்துவதற்கு 3 கிலோவுக்குரிய இழுப்பே போதும். அதற்கு ஈடாக, ஓரடி உயர்த்த இரண்டடிக் கயிறு இழுக்கவேண்டும்.

இந்தியாவின் வறண்ட கோடையிலே வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து அறையைக் குளிர்விக்கும் முறையை இங்கே பின்பற்ற விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்வது மெய்யே. ஆனால் கொழும்பின் காற்று பெரும்பாலும் ஈரத்தால் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவது மிக மந்தம். இங்கே நனைந்த தட்டியிலே குளிர்ச்சிக்கு முன்னர் பூஞ்சணமே வந்து சேரும்.

மே மாதமளவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்னும் அக்காற்று மழைச்சாரலை வெள்ளவத்தை விறாந்தைகளில் நேராக வீசும். நனைந்த தட்டியைச் சுருட்டி வைக்காமல், மழை விட்டதும் முழுநீளத்துக்கு இறக்கி உலரவிடுதல் வேண்டும். உப்புக்காற்றிலே இரும்புக் கப்பியும் ஆணியும் விரைவில் துருப்பிடிப்பதால் பித்தளையே நன்று. தட்டி முழுவதும் கெட்டுவிட்டதாக எண்ணிப் புதிதொன்று வாங்குமுன் கயிறு கப்பியில் உராயும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நைவது பெரும்பாலும் அந்த முழத்துண்டே.