கரையில் ஒரு பகல்: கேப் டவுனில் கப்பலிறங்குவோர் கவனத்திற்கு

உல்லாசக் கப்பலில் தென்னாப்பிரிக்காவை அடைந்து, கேப் டவுன் துறைமுகத்தில் காலையில் இறங்கி, பெங்குவின்களைப் பார்த்து, மலையோரக் கடற்சாலையில் உலாவி, மீன் உணவு உண்டு, கான்ஸ்டன்ஷியாவின் திராட்சைத் தோட்டத்தில் ஒயினையும் சுவைத்துவிட்டு மாலையில் கப்பலேறுவதற்கென்று விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாவில் நஷ்டமோ காயமோ அடைந்து, ஊர் திரும்பிய பிறகு என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விதமாகத்தான் வருகிறார்கள். கையில் புகைப்படங்கள் ஏராளமாக இருக்கின்றன. காகிதம் ஒன்றுகூட இல்லை.

ஒருவருடைய தாயார் சைமன்ஸ் டவுனில் பெங்குவின் பார்க்கும் மரநடைபாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கப்பல் வைத்தியர் கட்டுப் போட்டார். எங்கே, எந்த நேரத்தில், யார் முன்னிலையில் விழுந்தார் என்று எழுதிய ஒரு வரி கிடையாது. மற்றொருவரின் கைப்பையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கேப் பாயிண்ட் வண்டி நிறுத்துமிடத்தில் பபூன் குரங்கு பறித்துக்கொண்டு போயிற்று. கப்பல் புறப்படும் நேரமாயிற்றென்று போலீஸிடம் சொல்லாமலே திரும்பினார். வேறொரு குடும்பம், மலைச்சாலை மூடியிருக்கிறதென்ற ஒரே வார்த்தையில் பாதிச் சுற்றுலாவை இழந்து, நேரே திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டது. மூடியிருந்தது உண்மைதானா என்று யாரும் விசாரிக்கவில்லை. நிவாரணம் கிடைக்க வேண்டிய இவர்கள் யாவருக்கும் அது கிடைக்காமற் போனதற்குக் காரணம், சம்பவம் நடந்த கரையை விட்டு அத்தாட்சி இல்லாமல் கப்பலேறியதேயாகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சுற்றுலாவை உங்களுக்கு விற்றவர் யார் என்பது. கப்பல் கம்பெனியா, சென்னையிலுள்ள பிரயாண ஏஜெண்டா, இணையத்தின் மூலம் பிடித்த உள்ளூர் நிறுவனமா என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். கப்பல் கம்பெனியின் மூலமாக வாங்கிய சுற்றுலா தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது பிரயாணிகளை அடுத்த துறைக்குத் தன் செலவில் சேர்ப்பிக்கும் என்று பெரும்பாலான கம்பெனிகள் உறுதி தருகின்றன. தனியாக ஏற்பாடு செய்துகொண்டவருக்கு அந்த உறுதி கிடையாது. அதே சமயம், கப்பல் கம்பெனியின் சீட்டிலேயே, சுற்றுலா நடத்துபவர் சுதந்திரமான ஒப்பந்தக்காரர் என்றும் அவருடைய தவறுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆகவே சுற்றுலாவை நடத்தும் நிறுவனத்தின் முழுப்பெயரை, பணம் கட்டுவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்டுகள் இதைத் தர மனமில்லாமல் ‘எல்லாம் கப்பலில் சொல்வார்கள்’ என்பார்கள். கப்பலில் கேட்டால் ‘உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்’ என்பார்கள். எழுத்தில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் அந்நாட்டுக் கோடை மாதங்களில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, துறைமுகம் மூடப்பட்டுக் கப்பல் கரையணைய முடியாமற் போவதுண்டு. அப்போது கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் திரும்ப வருவது வழக்கம். தனி ஏற்பாட்டில் வருமா என்பது நீங்கள் வாங்கிய ரசீதின் நிபந்தனையைப் பொறுத்தது. அதே சமயம், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை வாடிக்கையாளருக்கு அளிக்கிறது. நியாயமான ஒரு தொகையை மட்டுமே நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம். பதிவு செய்யப்பட்டவர் இறந்துபோனாலோ வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாலோ ஒரு காசும் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கேட்பவருக்குத் திருப்பித் தருகிறார்கள். சொல்லத் தெரியாதவரின் பணம் நின்றுவிடுகிறது.

வீட்டை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டியவை மூன்று. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். கப்பல் நமீபியாவுக்குப் போய் மறுபடியும் கேப் டவுனுக்கு வருமானால் பலமுறை நுழையும் விசாவாகக் கேட்க வேண்டும். வழியில் கென்யா, அங்கோலா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் கப்பல் நிற்குமானால் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் அந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், பயணத்துக்கு முந்திய வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. மூன்றாவது, பிரயாணக் காப்பீட்டுப் பத்திரம். மது அருந்திய நிலையில் நேர்ந்த காயத்துக்கு ஈடில்லை என்ற விலக்கு பெரும்பாலான பத்திரங்களில் இருக்கிறது. ஒயின் சுவைப்பதே நிகழ்ச்சி நிரலில் அடங்கிய ஒரு நாளுக்கு இந்த விலக்கைப் படிக்காமல் கையெழுத்திடுவது எத்தகைய அஜாக்கிரதை! காப்பீட்டுக் கம்பெனியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி அந்தப் பகலுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் சுற்றுலா வழிகாட்டி மாகாணப் பதிவாளரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், பதிவுச் சின்னத்தை அணிந்து, கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்றும் 2014-ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டம் விதிக்கிறது. வண்டியில் ஏறியதும் அந்த அட்டையையும், வண்டியின் எண்ணையும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உரிம வில்லையையும் படமெடுங்கள். பெங்குவினைப் படமெடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். சாதாரண ஓட்டுநருக்கு இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 0.05 கிராமுக்குக் குறைவாகவே மது இருக்கலாம் என்று வைத்திருக்கும் அந்நாட்டுச் சட்டம், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம் என்று இன்னும் இறுக்கியிருக்கிறது. அதாவது ஒரு கோப்பை ஒயினே பலரை அந்த எல்லையைத் தாண்டச் செய்துவிடும். ஓட்டுநர் உங்களோடு அமர்ந்து சுவைப்பதைக் கண்டால் மரியாதை பார்த்துச் சும்மாயிராமல், வேறு ஓட்டுநரைக் கேளுங்கள். மறுத்தால் வண்டியில் ஏறாதீர்கள்.

ஹவுட் பேயிலிருந்து நூர்ட்ஹூக் வரை செல்லும் சாப்மன்ஸ் பீக் சாலை, 1922-இல் திறக்கப்பட்டது. 9 கிலோமீட்டரில் 114 வளைவுகளுடன் அட்லாண்டிக் அலைக்கு மேலே செங்குத்தான பாறையில் குடைந்து செல்லும் அந்தப் பாதையின் அழகுக்காகவே பலர் சுற்றுலாவை வாங்குகிறார்கள். பாறை சரிவினாலும் புயலினாலும் அது மூடப்படுவது உண்மைதான். மூடியிருக்கிறதென்று வழிகாட்டி சொன்னால், அந்த நாளின் அறிவிப்பை அவருடைய கைபேசியில் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டு, இழந்ததற்கு மாற்றாக எதைக் காட்டப்போகிறார் என்று கேளுங்கள்.

பிராணிகளைப் பற்றி நம்மவர்கள் காட்டும் அலட்சியம் என்னைச் சலிப்புறச் செய்கிறது. சைமன்ஸ் டவுனிலுள்ள போல்டர்ஸ் கடற்கரையில் 1982-இல் குடியேறிய இரண்டு ஜோடிகளிலிருந்து பெருகிய ஆப்பிரிக்கப் பெங்குவின், 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது; அதைத் தொடுவதும் துரத்துவதும் குற்றம்; குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்க முயன்றால் அதன் கூரிய அலகு விரலைக் கிழித்துவிடும். கேப் பாயிண்டில் பபூன்களுக்கு உணவளிப்பது சட்டவிரோதம். கோயில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிப் பழகிய நம் கை அங்கேயும் நீளுகிறது. ஆண் பபூனின் கோரைப்பல்லை அருகில் கண்டவர் மறுமுறை நீட்டமாட்டார். பையைப் பற்றிக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். பாஸ்போர்ட்டைப் பையில் வைக்காமல் உடலோடு சேர்த்து வைத்திருந்தால் விடுவதற்கு மனம் துணியும்.

இவற்றினும் மேலான அபாயம், துறைமுகத்திலும் ஹவுட் பேயிலும் படித்துறை ஓரத்தில் சோம்பிக் கிடக்கும் கேப் ரோமக் கடல்நாய். 2024-இல் கேப் டவுன் கடற்பகுதிக் கடல்நாய்களிடையே ரேபிஸ் உறுதி செய்யப்பட்டது. நாய் கடித்தால் ஊசி போட ஓடும் நம் ஜனங்கள், கடல்நாய் கடித்தால் கடல் நீரில் கழுவிவிட்டு மதிய உணவுக்குப் போகிறார்கள். கடிபட்டால், கீறல்பட்டாலும்கூட, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, சுற்றுலாவை அங்கேயே நிறுத்தி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சைமன்ஸ் டவுன் பக்கமென்றால் ஃபிஷ் ஹூக்கிலுள்ள ஃபால்ஸ் பே வைத்தியசாலையும், கான்ஸ்டன்ஷியா பக்கமென்றால் வைன்பெர்கிலுள்ள விக்டோரியா வைத்தியசாலையும் அரசாங்க வைத்தியசாலைகள். தோலைத் துளைத்த கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் புண்ணைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். அந்த மருந்து கப்பல் வைத்தியரிடம் இருக்கும் என்று நம்பி மாலைவரை காத்திருக்காதீர்கள். முதல் ஊசி போட்ட தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டால், மிச்ச ஊசிகளை அடுத்த துறையிலோ தமிழ்நாட்டு அரசாங்க வைத்தியசாலையிலோ தொடரலாம். திரும்பவும் சொல்கிறேன்: கடல்நாய் கடித்தால் சுற்றுலா முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ஸ்டன்ஷியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேப் குடியேற்றத்தின் டச்சுத் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-இல் பெற்ற நிலத்தில் எழுந்தது அங்குள்ள குரூட் கான்ஸ்டன்ஷியா திராட்சைத் தோட்டம். டச்சுக் கம்பெனி நடத்திய அந்தக் குடியேற்றத்துக்கு நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்கள் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள் என்பதை அங்கே நிற்கும் தமிழர் அறிந்திருப்பது தகும். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் ஒயினைச் சுவைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். உணவுக்குப் பிறகே ஒயின் என்று நிகழ்ச்சியை முன்கூட்டி மாற்றச் சொல்லுங்கள்.

சில நிறுவனங்கள் வண்டியேறுமுன் ஒரு தாளை நீட்டி, எது நடந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்குகின்றன; கையெழுத்திட்டோமே என்று பிறகு வாய்மூடிவிடுகிறார்கள் நம்மவர்கள். அசாதாரணமான அபாயத்தைத் தெளிவான மொழியில் கவனத்துக்குக் கொண்டுவராத நிபந்தனையும், மிகுந்த கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்பிக்கும் நிபந்தனையும் அந்நாட்டு நுகர்வோர் சட்டத்தின் முன் நிற்பதில்லை. அந்தத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தோ திருட்டோ நேர்ந்தால், அவசரத்துக்குக் கைபேசியிலிருந்து 112, போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. அதன்பின், கப்பல் புறப்படுவதற்குள், இந்தக் காகிதங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: போலீஸ் நிலையத்தில் பதிந்த வழக்கு எண், வைத்தியரின் குறிப்பு, வழிகாட்டி கையெழுத்திட்ட சம்பவக் குறிப்பு, உடனிருந்த இரண்டொருவரின் பெயரும் முகவரியும். நிலையத்தில் இருக்கும் உத்தியோகஸ்தர் ‘கப்பலில் போகப்போகிறீர்கள், இதெல்லாம் எதற்கு’ என்று சோம்பலாகக் கேட்பது நடக்கக்கூடியதே. எண் தராமல் நகரமாட்டேன் என்று பணிவாக நின்றுகொள்ளுங்கள். வாகன விபத்தானால், சட்டப்படி நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டுப் பிரயாணியும் அந்நாட்டுச் சாலை விபத்து நிதியில் காயத்துக்கு ஈடு கோரலாம். இடித்த வண்டி அடையாளம் தெரிந்தால் மூன்று வருஷம், தெரியாவிட்டால் இரண்டு வருஷம் கெடு. அதற்கு நுழைவு முத்திரையைக் கேட்கலாம். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வதுண்டாகையால் முத்திரைப் பக்கத்தைக் கொடுக்குமுன்பே படமெடுங்கள்.

கப்பலைத் தவறவிட்டவர் செய்ய வேண்டியது, கப்பலின் தினசரி அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜெண்டின் எண்ணை அழைப்பது. அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கரையிறங்குங்கள். பாஸ்போர்ட்டும் இல்லையென்றால், போலீஸ் வழக்கு எண்ணோடு கேப் டவுனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குச் சென்று அவசரப் பிரயாணச் சான்று கேட்க வேண்டும். வழக்கு எண்ணை முதலில் வாங்குங்கள், பிறகு தூதரகம். முறை மாறிப் போனால் ஒரு பகல் வீணாகும்.

உள்ளூர் நிறுவனத்தின் மீதான பிராதுக்கு, தென்னாப்பிரிக்கச் சுற்றுலா இலாகாவில் இதற்கென்றே நியமிக்கப்பட்ட புகார் அதிகாரியும், தேசிய நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. இந்தியாவில் பணம் கட்டியிருந்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏஜெண்டையும் கப்பல் கம்பெனியையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து மனுச் செய்யலாம். கட்டிய தொகை ஐந்து லட்ச ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சந்தேகத்துக்கு 1915 என்ற எண் உண்டு. காப்பீட்டுக் கம்பெனி மறுத்தால் முதலில் அதனிடமே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லுங்கள். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு வருஷம். கப்பல் கம்பெனியின் சீட்டு, காயத்தைப் பற்றிய அறிவிப்பை அதைவிடச் சீக்கிரமாக எழுத்தில் தரும்படி நிபந்தனை விதித்திருக்கலாம். ஆகையால் முதல் கடிதத்தை அன்றிரவே கப்பலிலிருந்து அனுப்புங்கள். கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது என்பதனால் மட்டும் அந்த இரண்டு வருஷம் நீளுவதில்லை.