மைனஸ் 20 டிகிரியிலும் பசேல் கீரை! லடாக் வீடுகளின் 'ஹீட்டர் இல்லாத' பசுமைக்குடில்

டிசம்பர் பிறந்துவிட்டால் லே நகரில் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். இரவில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும் குளிர். கணவாய்களைப் பனி மூடிவிட்டால் லாரி வராது. காய்கறி விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். குழியில் புதைத்து வைத்த உருளைக்கிழங்கும் டர்னிப்பும், கோடையில் உலர்த்தி வைத்த கீரையும்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலச் சாப்பாடு.

இப்போது பல வீடுகளில் ஜனவரியிலும் பசலைக்கீரையும் கொத்தமல்லியும் பறிக்கிறார்கள். ஹீட்டர் கிடையாது, கரன்ட் பில் கிடையாது, விறகு எரிப்பதும் இல்லை. மண் சுவரும் ஒரு பாலித்தீன் ஷீட்டும்தான் அத்தனை வேலையையும் செய்கின்றன.

தெற்கே மட்டும் திறந்த வீடு

பசுமைக்குடில் என்றாலே நான்கு பக்கமும் பாலித்தீன் போர்த்திய கூண்டுதான் நம் நினைவுக்கு வரும். லடாக்கில் அப்படிக் கட்டினால் பகலில் சேர்ந்த வெப்பம் பொழுது சாய்ந்ததும் பறந்துவிடும். அதனால் வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் கனமான சுவர். தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன். குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும்.

ஏன் தெற்கு? டிசம்பர் நண்பகலில்கூட லேயில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதுவும் தெற்கே. சாய்ந்து வரும் அந்த வெயில், சரிவான பாலித்தீன் வழியாக நேரே உள்ளே போய்ப் பின்சுவரைத் தொடும். திசையைச் சரியாகப் பார்த்துக் கட்ட ஒரு பைசா கூடுதலாகச் செலவில்லை. ஆனால், அதில் கோட்டை விட்டால் பிறகு என்ன செலவழித்தும் ஈடுகட்ட முடியாது. இடம் பார்ப்பதும் அப்படித்தான். சுற்றிலும் மலை என்பதால், குளிர்காலத்தில் மலை நிழல் சீக்கிரம் விழாத இடமாகப் பார்க்க வேண்டும்.

சுவருக்குள் வைக்கோல்

உண்மையான சூட்சுமம் சுவரில்தான் இருக்கிறது. அது ஒன்றல்ல, இரண்டு சுவர். நடுவே சுமார் நான்கு அங்குல இடைவெளி. அதில் வைக்கோலோ மரத்தூளோ அடைத்துவிடுகிறார்கள். உள்சுவர் பகல் முழுக்க வெயிலைக் குடித்துச் சூடாகும். வைக்கோல் அந்தச் சூட்டை வெளியே விடாது. ராத்திரியில் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைச் செடிகள் பக்கமே திருப்பித் தரும்.

வண்ணத்திலும் கணக்கு இருக்கிறது. பின்சுவருக்கும் பிற்பகல் வெயில் படும் கிழக்குச் சுவருக்கும் உட்புறம் கறுப்பு பூசுவார்கள். வெப்பத்தை நன்றாக உறிஞ்சும். மேற்குச் சுவருக்கு வெள்ளை. வெளிச்சத்தைச் செடிகள் மேல் திருப்பிவிடும். உள்ளே ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்தால் இரட்டை லாபம். அதே எடையுள்ள மண்ணைவிடத் தண்ணீர் நான்கைந்து மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். செடியின் வேரில் ஐஸ் தண்ணீரை ஊற்ற வேண்டிய அவசியமும் இருக்காது.

பலவீனமான இடம் பாலித்தீன்தான். வெயிலை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறதோ, அவ்வளவு சுலபமாக இரவில் சூட்டையும் வெளியே விடும். எனவே, சாயங்காலம் அதன் மேல் துணியோ தார்ப்பாயோ போர்த்துகிறார்கள். காலையில் வெயில் வந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும். நண்பகலில் உள்ளே புழுங்கும். அப்போது காற்றுத் திறப்பைத் திறக்காவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை வந்துவிடும். வெயில் இறங்குவதற்கு முன்பே அதை மூட வேண்டும். இதெல்லாம் தினசரி வேலை. வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். தங்கள் தேவைக்குப் போக மிஞ்சும் கீரை அவர்களுக்குக் கைக்காசாகிறது.

இந்த வடிவமைப்பை லடாக் கிராமங்களில் பரப்பிய ஜெரெஸ் என்ற பிரெஞ்சு அமைப்புக்கு 2009-ல் ஆஷ்டன் விருது கிடைத்தது. சுவர் எழுப்ப வசதியில்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழியும் இருக்கிறது: தரையில் மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, மேலே பாலித்தீன் போர்த்திவிடுவது. சுற்றியிருக்கும் பூமியே சுவர்!

சென்னை மொட்டை மாடியில் இதை அப்படியே கட்டிவிடாதீர்கள், செடி வெந்துவிடும். நம் சமவெளிக்கு வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலைதான் தேவை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேண்டுமானால் இரவுப் போர்வை யோசனை உதவலாம்.

லடாக்கில் குளிர் விட்டதும் இந்தக் குடிலுக்கு ஓய்வு கிடையாது. வெளியே மண் இளகுவதற்கு முன்பே உள்ளே நாற்று தயாராகிவிடும். கோடையில் திறப்புகளையெல்லாம் திறந்துவிட்டு, அதே இடத்தில் தக்காளியும் வெள்ளரியும் போடுகிறார்கள்.