நீர்த்தாவர மீன்தொட்டி

நீர்த்தாவர மீன்தொட்டி என்பது, மீன்களைவிட நீருக்குள் வளரும் செடிகளுக்கு முதன்மை தந்து அமைக்கப்படும் நன்னீர்த் தொட்டி ஆகும். இதில் மண், கல், மரக்கட்டை, செடி ஆகியவை ஒரு நிலக்காட்சி போல அடுக்கப்படுகின்றன. மீன்கள் அக்காட்சியில் பிறகு வந்து சேர்பவை. சிறிய தொட்டியில் கைவரும் பல முறைகள் 4 அடி, 6 அடி நீளத் தொட்டிகளில் அப்படியே பலிப்பதில்லை. எடை, ஆழம், நீரோட்டம் ஆகிய மூன்றும் அங்கே தனிச் சிக்கல்களாக எழுகின்றன.

வரலாறு

செடியும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்பதை, லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் எழுதி வெளியிட்டார். அவர் தங்கமீன்களுடன் வாலிஸ்னேரியா என்னும் நாடா இலைச் செடியை வளர்த்தார். செடி உயிர்வாயுவைத் தந்தபோதிலும், அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டபின் அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீரும் தெளிந்தது. இன்றைய தொட்டிகளில் வடிகட்டியும் நுண்ணுயிர்களும் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அன்று நத்தை செய்தது எனலாம்.

பிற்காலத்தில் நெதர்லாந்தில், கல்லும் கட்டையும் பெரிதும் இல்லாமல் வெவ்வேறு நிறச் செடிகளைப் பாத்தி பாத்தியாக நிறுத்தும் டச்சு முறை வளர்ந்தது. சப்பானைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமனோ (1954–2015) வேறு வழியில் சென்றார். மலை, காடு, ஆற்றங்கரை ஆகியவற்றின் சாயலைத் தொட்டிக்குள் கொண்டுவரும் இவரது முறை 'இயற்கை மீன்தொட்டி' எனப் பெயர் பெற்றது. பாசி தின்னும் ஒருவகை இறாலைத் தொட்டிகளில் பயன்படுத்தியவரும் இவரே. அது இன்றும் 'அமனோ இறால்' என்றே விற்கப்படுகிறது. போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் 2015 ஏப்ரலில் திறக்கப்பட்ட 'நீருக்கடியில் காடுகள்' அவருடைய கடைசிப் பெரும் படைப்பு. 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அத்தொட்டியில் எரிமலைப் பாறைகளும் முழு மரத்தண்டுகளும் வைக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு ஆகத்து மாதம் அமனோ காலமானார்.

எடையும் ஆழமும்

180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு சுமார் 640 லிட்டர். நீர், கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்ந்தால் எடை 800 கிலோவை எளிதாகத் தாண்டும். ஆகவே மாடி வீடுகளில் இதனைத் தளத்தின் நடுவே வைக்காமல், விட்டம் செல்லும் சுவரை ஒட்டி வைப்பதே முறை. அடியில் ஒரே சீரான மட்டம் இல்லையெனில் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விடும்.

உயரம் 60 செ.மீ.க்கு மேல் போவதை அனுபவசாலிகள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஒளி கீழே செல்லச் செல்லக் குறைவது ஒரு காரணம். மற்றொன்று மிக எளியது: கை அடிமட்டத்தைத் தொட வேண்டும். வாரந்தோறும் செடி வெட்ட வேண்டிய தொட்டியில் தோள்வரை கையை நனைத்துக்கொண்டு நெடுநாள் யாரும் பராமரிப்பதில்லை. கூடுதல் பணத்தை உயரத்துக்குச் செலவிடுவதைவிட அகலத்துக்குச் செலவிடுவது நல்லது. முன்னும் பின்னும் அகலம் இருந்தால்தான் காட்சிக்கு ஆழம் வரும்.

ஒளி, கரியமில வாயு, ஊட்டம்

நீர்ச்செடி வளர்ப்பில் தோல்வி பெரும்பாலும் இம்மூன்றின் சமநிலை குலைவதால் நேர்கிறது. எந்த ஊட்டம் மிகக் குறைவாக உள்ளதோ அதுவே செடியின் வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் என்பது வேளாண்மையில் லீபிக் விதி எனப்படும். தொட்டிக்கும் இது பொருந்தும். ஒளியை மட்டும் கூட்டினால் செடியின் தேவை ஏறும். வாயுவும் உப்புகளும் அதற்கேற்பக் கிடைக்காதபோது செடி நலிந்து, அந்த ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். புதியவர்கள் பாசி கண்டவுடன் மருந்து தேடுகிறார்கள். விளக்கு எரியும் நேரத்தை 6 மணி நேரமாகக் குறைப்பதே முதலில் செய்ய வேண்டியது.

காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் கரியமில வாயு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே கரைந்திருக்கும். மேலும் இவ்வாயு காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் பல்லாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இதனால் இலையைச் சுற்றி அசையாது நிற்கும் நீரில் வாயு விரைவில் தீர்ந்துவிடும். பெரிய தொட்டியின் ஒரு கோடியில் செடி செழித்து மறுகோடியில் கருகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு வடிகட்டிகளை இரு கோடிகளில் பொருத்தி, எல்லா இலைகளும் மெல்ல அசையுமாறு நீரைச் சுழலவிட வேண்டும்.

வளர்ப்போர் உருளையிலிருந்து வாயுவைச் செலுத்தி, அளவை லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம்வரை உயர்த்துவது வழக்கம். ஆபத்தும் இங்குதான் உள்ளது. அளவு மீறினால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். ஒரே இரவில் தொட்டி முழுவதும் செத்து மிதப்பதும் உண்டு. இருளில் செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யாமல் சுவாசிக்க மட்டுமே செய்வதால், விளக்கு அணையும்போதே வாயுவும் நிற்குமாறு மின்கட்டுப்பாட்டு வால்வு வைக்க வேண்டும். தொட்டிக்குள் தொங்கவிடப்படும் நிறமாற்றக் குப்பி நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சையானால் போதுமானது, மஞ்சளானால் மிகை. இக்குப்பி ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே நிறம் மாறும் என்பதால் அதைவிட மீன்களின் நடத்தையை நம்புவதே பாதுகாப்பு.

கோடையில் இச்சிக்கல் கூடுகிறது. 25 பாகை செல்சியசு வெப்பத்தில் நீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கொள்ளும். 30 பாகையில் அது சுமார் 7.5 ஆகக் குறையும். மேற்பரப்பை நோக்கி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால், நீர் ஆவியாவதால் வெப்பம் ஓரிரு பாகை தணியும்.

ஊட்டக் குறையை இலையே காட்டிவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை குறைந்தால் பழைய இலைகள் முதலில் பாதிக்கப்படும். செடி அவற்றிலிருந்து சத்தை எடுத்துத் தளிருக்கு அனுப்புவதே இதற்குக் காரணம். இரும்பைச் செடி அவ்வாறு இடம் மாற்ற இயலாது. ஆகவே இரும்புக் குறையில் புதுத் தளிர் வெளிறும்.

நடுதலும் அமைத்தலும்

அடிமண்ணை முன்புறம் 4 அல்லது 5 செ.மீ. உயரத்தில் தொடங்கிப் பின்புறம் 15 செ.மீ. அல்லது அதற்கு மேலும் ஏற்றுவர். இச்சரிவு சில மாதங்களில் சமமாகிவிடும். மண்ணுக்குள் கற்களைத் தடுப்பாகப் பதித்தால் தாங்கும். முதன்மைக் கல்லையோ கட்டையையோ நட்ட நடுவில் வைக்காமல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது மரபு.

முன்வரிசைக்குப் புல் போன்ற எலியோகாரிசு, நடுவில் கிரிப்டோகோரைன், பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, ரோட்டாலா என்பது பரவலான அமைப்பு. அனுபியாசு, சாவாப் பெரணி ஆகியவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். அவற்றைக் கட்டையில் நூலால் கட்ட வேண்டும். பெரிய தொட்டியில் இருபது வகைச் செடிகளை ஒவ்வொன்றாக நடுவதைவிட, ஐந்தாறு வகைகளைத் திரள் திரளாக நடுவதே கண்ணுக்கு நிறைவு தரும். முதலிலேயே நெருக்கமாக நட்டால் பாசிக்கு இடம் குறையும்.

பண்ணைச் செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கப்படுகின்றன. தொட்டிக்கு வந்தபின் அந்த இலைகள் உதிர்ந்து, நீருக்கேற்ற மெல்லிய புதிய இலைகள் வரும். கிரிப்டோகோரைன் சில நாட்களில் கூழாகிக் கரைந்தே போகும். செடி செத்தது என்று பலர் பிடுங்கி எறிகின்றனர். வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும்.

நைட்ரசன் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீன் விடக்கூடாது.

தென்னிந்திய, இலங்கைச் செடிகள்

உலகெங்கும் விற்கப்படும் மீன்தொட்டிச் செடிகள் பலவற்றின் தாயகம் இப்பகுதியே. செந்நிற இலைகளுக்காக விரும்பப்படும் ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்னிந்தியாவுக்கும், கிரிப்டோகோரைன் வெண்ட்டியை இலங்கைக்கும் உரியவை. நாட்டு மருத்துவத்தில் அறியப்பட்ட நீர்ப்பிரம்மியும் நீருக்குள் நன்கு வளரும். கடின நீர் வரும் ஆழ்துளைக் கிணறுகள் உள்ள ஊர்களில் வாலிஸ்னேரியா நம்பகமானது. நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தும் அது கரிமத்தைப் பெறும்.

வெட்டிய செடிகளை அப்புறப்படுத்தல்

செழித்த தொட்டியில் வாரந்தோறும் கைநிறையத் தண்டுகள் வெட்டப்படும். இவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிவதே இப்பொழுதுபோக்கால் விளையும் பெருங்கேடு. ஹைட்ரில்லா 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்று, நீர்நிலைகளில் பரவி, ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்தது. ஒரு துண்டுத் தண்டே புதுச்செடியாகிவிடும் என்பதால் அதை ஒழிக்க முடியவில்லை. 2020இல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப் பாண்டி என்னுமிடத்தில் நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைக் காண மக்கள் திரண்டனர். அது மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் கபோம்பா என்ற அமெரிக்கக் கண்டச் செடி. வெட்டிய தண்டுகளை வெயிலில் முழுமையாகக் காயவைத்த பின்னரே எருக்குழியில் இட வேண்டும்.