கேவி-1 டாங்கி

கேவி-1 என்பது இரண்டாம் உலகப் போரில் சோவியத் செஞ்சேனை பயன்படுத்திய கனரக டாங்கி ஆகும். சோவியத் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிளிமெண்ட் வோரோசிலோவின் பெயரின் முதலெழுத்துகளே இதற்குப் பெயராயின. 1941ல் செருமானியப் படைகளைத் திகைக்க வைத்த இதன் தடித்த கவசமே, பின்னர் இதற்குப் பெருஞ்சுமையாகவும் ஆனது.

வடிவமைப்பு

1930களின் இறுதியில் சோவியத் பொறியாளர்கள் இரண்டு சுழல் கோபுரங்கள் கொண்ட கனரக டாங்கிகளை உருவாக்கி வந்தனர். லெனின்கிராடு கீரவ் தொழிற்சாலையில் சோசப் கோத்தின் தலைமையிலான குழு, ஒரு கோபுரத்தை நீக்கி, மிச்சமான எடையைக் கவசத்துக்குப் பயன்படுத்தியது. 1939 டிசம்பரில் பின்லாந்துப் போர்முனையில் சோதிக்கப்பட்ட இவ்வடிவம், அதே மாதம் படையில் ஏற்கப்பட்டது.

கவசம் 75 மி.மீ. தடிமன்; எடை ஏறத்தாழ 45 டன்; வீரர்கள் ஐவர். 76.2 மி.மீ. பீரங்கியும் 600 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சினும் பொருத்தப்பட்டிருந்தன.

போர்க்களத்தில்

1941 ஜூனில் செருமனி படையெடுத்தபோது, அதன் வழக்கமான 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புக் குண்டுகள் கேவியின் கவசத்தில் பட்டுத் தெறித்தன. விமானங்களைச் சுடுவதற்கான 88 மி.மீ. பீரங்கிகளைத் தரைக்குத் திருப்பிச் சுட வேண்டியதாயிற்று. லிதுவேனியாவின் ரசெய்னியாய் அருகே, தனித்து நின்ற ஒரு கேவி டாங்கி செருமானிய 6வது பான்சர் டிவிசனின் பாதையை ஒரு நாளுக்கு மேல் மறித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், லெனின்கிராடுக்குத் தெற்கே சினோவி கொலோபனோவ் சதுப்பு நிலத்தின் நடுவே சென்ற சாலையைக் குறிவைத்துப் பதுங்கியிருந்தார். அவரது டாங்கி 22 செருமானிய டாங்கிகளை அழித்ததாகச் சோவியத் தரப்பு பதிவு செய்துள்ளது.

குறைகள்

இத்தகைய வெற்றிகள் போரின் போக்கை மாற்றவில்லை. இவ்வளவு எடைக்குக் கியர்பெட்டியும் கிளட்சும் ஈடுகொடுக்கவில்லை. கியரை மாற்ற ஓட்டுநர்கள் சுத்தியலால் தட்டியதாகக் கூறப்படுவதுண்டு. பல பாலங்கள் இதைத் தாங்கவில்லை. பின்வாங்கலின்போது பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் நின்ற பல டாங்கிகள் கைவிடப்பட்டன. தளபதியே குண்டுகளையும் நிரப்ப வேண்டியிருந்ததால், களத்தைக் கவனிக்க அவருக்கு நேரம் போதவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. இலகுவான, மலிவான டி-34 டாங்கியும் அதே 76.2 மி.மீ. அளவுப் பீரங்கியையே சுமந்தது. செருமனி வலிமையான பீரங்கிகளைக் களமிறக்கியபோது, கேவியின் கவசம் தந்த அனுகூலமும் குறைந்துபோனது.

பின்வந்த வகைகள்

லெனின்கிராடு முற்றுகையை ஒட்டி உற்பத்தி உரால் பகுதியிலுள்ள செலியாபின்சுக்கு மாற்றப்பட்டது. 1942ல் வந்த கேவி-1எஸ் வகையில் கவசம் குறைக்கப்பட்டு, புதிய கியர்பெட்டி பொருத்தப்பட்டது. 1943ல் 85 மி.மீ. பீரங்கியுடன் கேவி-85 குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. கேவியின் அனுபவத்திலிருந்து உருவான ஐஎஸ் வரிசையில், ஐஎஸ்-2 டாங்கி 122 மி.மீ. பீரங்கியுடன் 1944 முதல் போரிட்டது. கேவி போலன்றி, அதன் பீரங்கி எடைக்கேற்ற வலிமை கொண்டிருந்தது.