‘மே’யும் ‘ஷல்’லும்

‘யூ மே கோ’ என்றால் ‘நீ போகலாம்’, இஃது அனுமதி. ‘இட் மே ரெயின்’ என்றால் ‘மழை பெய்யலாம்’; இஃது ஐயம். நம் ‘லாம்’ இவ்விரண்டையும் தாங்கும். சட்டத்தில் ‘ஷல்’ என்பதோ கட்டாயம்.

தில்லியில் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் நாம் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. 1965-க்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ‘மே’ கொண்டே உரைத்தது. அது ‘ஷல்’ போன்றதே என்றார் நேரு. அங்ஙனமாயின் ‘ஷல்’ என்றே எழுதினாலென்ன என்று ராஜ்ய சபையில் வாதிட்டார் அண்ணா. ‘தொடரலாம்’ என்பதில் ‘தொடராமலும் போகலாம்’ என்பது மறைந்திருக்கிறதன்றோ? இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலமே என 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஷல்’ இட்டு விதித்தது. ஆகவே, ‘மே’ வருமிடத்து ‘வேண்டும்’ என எழுதற்க. ‘ஷல்’ வருமிடத்து ‘லாம்’ என நெகிழ்த்தற்க.